ஓசி டிக்கெட்டின் விலை

உறையூரில் இருக்கும் என் மாமா மின்வாரியத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க அவரும் அத்தையும் போய்வர, என் கடன் அட்டையில் சேர்ந்திருந்த புள்ளிகளை வைத்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். ரசீதை அச்செடுத்து வரிவரியாகப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். “ஏன் மாப்ளே, ஓசி டிக்கெட்டுன்னு சொன்னே. இதுல பதினோராயிரம் போட்டிருக்கே?” ரெண்டு விமான நிலையங்களின் கட்டணமும் வரியும் அது என்றேன். “சரி, அது ஏர்போர்ட்டுக்காரனுக்கும் சர்க்காருக்கும். மிச்சத்த யாரு கட்டினது?”

பேங்க் கட்டியது என்றேன். “பேங்க் எதுக்குடா உனக்குக் கட்டணும்?” என்று கேட்டுவிட்டு போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில். கொஞ்சம் நீண்டுவிட்டது.

‘ஓசி’ என்ற சொல்லுக்கே ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். ‘கம்பெனி வேலையாக’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை முத்திரையாகக் குத்தி அனுப்புவார்களாம். அதுதான் மருவி ஓசி ஆயிற்றாம். சொல் அப்படிப் பிறந்ததோ இல்லையோ, கதையில் கணக்குச் சரியாக இருக்கிறது. கடிதம் சும்மா போகவில்லை, செலவு வேறு யாருடைய பேரேட்டிலோ ஏறியது.

புள்ளிகளின் பேரேடு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1978 வரை அங்கே எந்த ஊருக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசு வாரியம்தான் தீர்மானித்தது. விலையில் போட்டியிட முடியாததால் விமான நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசாரத்திலும் போட்டியிட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. புதுப்புது நிறுவனங்கள் மலிவு விலையில் பறக்க ஆரம்பித்தன. பழைய பெரிய நிறுவனங்களுக்கு, தங்களிடம் அடிக்கடி பறக்கும் வியாபாரிகளும் அதிகாரிகளும் பத்து டாலர் வித்தியாசத்துக்காக வேறு பக்கம் போய்விடுவார்களே என்ற பயம் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் 1981 மே 1 அன்று தொடங்கிய ஆட்வான்டேஜ் திட்டம். தங்கள் முன்பதிவுக் கணினியில் திரும்பத் திரும்ப வரும் தொலைபேசி எண்களைத் தேடி, அடிக்கடி பறப்பவர்கள் யார் என்று முதல் உறுப்பினர் பட்டியலைத் தயாரித்தார்கள். சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தை அறிவித்தது. பறந்த தூரத்தை மைலாக எழுதிவைத்து, போதுமான மைல் சேர்ந்ததும் ஒரு டிக்கெட் கொடுப்பது என்பதுதான் ஏற்பாடு. எப்படியும் காலியாகப் போகிற இருக்கைதான் பரிசு என்பதால் நிறுவனத்துக்குப் பெரிய செலவும் இல்லை.

1987-இல் சிட்டி வங்கியும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஒரு கடன் அட்டையை வெளியிட்டபோது விஷயமே மாறிவிட்டது. விமானத்தில் கால் வைக்காதவரும் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் மைல் சேர்க்கலாம் என்றாயிற்று. அந்த மைல்களை வங்கி, விமான நிறுவனத்திடமிருந்து காசு கொடுத்து மொத்தமாக வாங்கியது. வாடிக்கையாளரைக் கட்டிப்போடக் கண்டுபிடித்த கயிறு, விற்பனைச் சரக்காகிவிட்டது.

வங்கிக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் மாமாவின் கேள்வி. அதற்கு விடை சென்னை ரிச்சி தெருவில் தினமும் உரக்கக் கேட்கும். “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்.” கடன் அட்டையைத் தேய்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடைக்காரர் கணக்குக்குப் பத்தாயிரமும் போவதில்லை. ஏறக்குறைய இரண்டு சதவீதம் வழியிலேயே பிடிபடும். அதில் பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்கு. மிச்சத்தை விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னலும் கடைக்காரரின் வங்கியும் பிரித்துக்கொள்ளும். ரிச்சி தெருக்காரர் அதை வெளிப்படையாக நம் தலையில் கட்டுகிறார். அட்டை நிறுவனங்களின் விதிப்படி அது கூடாது, ஆனால் நேர்மையான கணக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றும். பெரிய கடைகள் இதை எல்லாப் பொருளின் விலையிலும் சத்தமில்லாமல் கலந்துவிடுகின்றன. அதே கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அந்த இரண்டு சதவீதத்தில் ஒரு துண்டைச் சுமக்கிறார். அவருக்குப் புள்ளி கிடையாது.

அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010-இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக 1,133 டாலர் பெறுகிறது. மொத்தத்தில் ஏழையிடமிருந்து வசதி உள்ளவருக்குப் பணம் நகர்கிறது என்றார்கள். இது அமெரிக்கக் கணக்கு. அந்த டாலர்களை ரூபாயாக மாற்றி இங்கே பொருத்தக் கூடாது. யுபிஐ வந்தபிறகு நம் பெட்டிக்கடையில் வணிகருக்குக் கட்டணமே இல்லை. 2020 ஜனவரி முதல் யுபிஐ, ரூபே டெபிட் அட்டை இரண்டுக்கும் அந்தக் கட்டணம் பூஜ்யம். அதனால்தான் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் எவ்வளவு செலவு செய்தாலும் யாரும் நமக்கு விமான மைல் தருவதில்லை. பிடிக்கிற இடத்தில்தான் கொடுக்க முடியும். ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2003-இல் வங்கிகளுக்கிடையேயான அட்டைக் கட்டணத்தை ஏறத்தாழப் பாதிக்குக் குறைத்தது. பின்னாலேயே அங்கே புள்ளிகளும் மெலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கடன் அட்டைக்கு அதை 0.3 சதவீதத்துக்குள் கட்டிவிட்டது. அமெரிக்கரிடமும் இந்தியரிடமும் இருக்கும் புள்ளிப் பித்து ஜெர்மானியரிடம் ஏன் இல்லை என்று கேட்டால், காரணத்தைக் குணத்தில் தேட வேண்டாம். கட்டணப் பட்டியலில் தேடினால் போதும்.

கடைக்காரர் ஒரு ஊற்று. இன்னொன்று வட்டி. இந்தியாவில் பல கடன் அட்டைகளில் பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் வட்டி ஓடும், ஆண்டுக்கு 42 சதவீதம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் மூன்று வட்டி என்று சொன்னால் முகம் சுளிப்போம். முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஒரு லட்ச ரூபாய் பாக்கியை ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். நாட்டின் மிகத் தாராளமான அட்டைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய எச்டிஎஃப்சி இன்ஃபினியா 150 ரூபாய்க்கு 5 புள்ளி தருகிறது. ஒரு புள்ளியை ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் லட்சத்துக்கு 3,300 சொச்சம். ஒரு மாத வட்டி மொத்தத்தையும் தின்றுவிட்டு மேலும் கேட்கும். வட்டி கட்டுகிறவரிடமிருந்து வட்டியே கட்டாத சாமர்த்தியசாலிக்குப் பரிசுப்புள்ளி வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் போகிறது என்று அமெரிக்க அட்டைகளை ஆராய்ந்த இன்னொரு குழு கணித்திருக்கிறது. என் மாமாவின் சிங்கப்பூர் டிக்கெட்டில் ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டி வந்த யாரோ ஒருவரின் சம்பளமும் கலந்திருக்கும். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வங்கி கொடுப்பது சரி, வாங்கிக்கொள்ளும் விமான நிறுவனத்துக்கு இதில் என்ன? கொரோனா காலம் வரை இதற்குத் தெளிவான விடை வெளியே தெரியவில்லை. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது அமெரிக்க நிறுவனங்களுக்குக் கடன் தேவைப்பட்டது. விமானங்களில் பல ஏற்கெனவே அடமானத்தில் இருந்தன. அடகு வைக்க மிஞ்சியிருந்த நகை புள்ளித் திட்டம்தான். யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர் என்று கணக்குக் காட்டி, அதன்மேல் 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது பங்குச் சந்தையில் விமானங்கள் உட்பட யுனைடெட் நிறுவனம் முழுவதற்கும் இருந்த மதிப்பு அதில் பாதியளவுதான். அதே ஆண்டு டெல்டா 900 கோடி டாலரும், 2021 மார்ச்சில் அமெரிக்கன் 1,000 கோடி டாலரும் இதே வழியில் கடன் வாங்கின. டெல்டாவுக்கு 2024-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொடுத்த தொகை மட்டும் 740 கோடி டாலர். விமானம் ஓட்டுவது எரிபொருள் விலைக்கும் மழைக்கும் மூடுபனிக்கும் பயந்து நடத்தும் தொழில். மைல் விற்பதில் அந்தக் கவலை எதுவும் இல்லை. காகிதம்கூட வேண்டாம், எண்ணைத் தட்டினால் போதும்.

அங்கேதான் சிக்கல். இது நாணயம் மாதிரி நடக்கிறது, ஆனால் அச்சடிப்பவரே சந்தையில் விலைப் பலகையும் எழுதுகிறார். சிங்கப்பூருக்கு இத்தனை மைல் என்று இன்று இருப்பதை நாளைக் காலை மாற்றினால் கேட்பாரில்லை. பழைய காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று அட்டவணையாவது அச்சிட்டு வைத்திருந்தார்கள். டெல்டா 2015-இல் அதை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019-இல் பின்தொடர்ந்தது. இப்போது மைலில் கேட்கும் விலையும் ரூபாயில் கேட்கும் விலை போலவே நாளுக்கு நாள் ஆடுகிறது. பறந்த தூரத்துக்கு மைல் என்ற பழைய முறையும் போய்விட்டது. 2015-லிருந்து அந்தப் பெரிய நிறுவனங்கள் கட்டிய பணத்துக்குத்தான் புள்ளி தருகின்றன. ‘மைல்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் கடன் அட்டைகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. அட்டை பெருகப் பெருக, சலுகை குறுகியது. அந்தக் குறுகலுக்கு மறக்க முடியாத உதாரணம் ஆக்ஸிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டை. 200 ரூபாய்க்கு 12 புள்ளி. ஒரு மாதத்தில் லட்ச ரூபாய் செலவழித்தால் மேலும் 25,000 புள்ளி பரிசு. ஆக, சரியாக ஒரு லட்சம் செலவழித்தவருக்கு 31,000 புள்ளி. ஐந்து புள்ளிக்கு நான்கு மைல் என்ற விகிதத்தில் மாற்றினால் 24,800 மைல். மாதாமாதம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், தங்கை கல்யாணத்துப் பட்டுப்புடவை எல்லாவற்றையும் அந்த அட்டையில் தேய்த்து, ஆண்டுக்கு இரண்டு முறை பிசினஸ் கிளாஸில் பறந்த மென்பொருள் பொறியாளர்கள் உண்டு. 2023 செப்டம்பர் 1 அன்று 25,000 பரிசு நின்றது. விகிதம் ஐந்துக்கு இரண்டு ஆனது. அதே ஒரு லட்சத்துக்கு இப்போது 2,400 மைல். ஆண்டுக்கட்டணம் மட்டும் பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. சேர்த்து வைத்திருந்தவர்கள் ஆகஸ்டு மாதம் முழுக்கப் புள்ளிகளை வெளிநாட்டு விமானக் கணக்குகளுக்கு அள்ளி மாற்றினார்கள். வங்கி திவாலாகிறது என்ற வதந்தியில் பாஸ்புக்கும் கையுமாக வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆனால் வங்கியைத் திட்டி மட்டும் பயனில்லை. அப்படிப்பட்ட பரிசு நிலைக்காது என்பதை மாமா போன்ற ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டியிருப்பார். ஒரு லட்சத்தில் வங்கிக்குக் கிடைப்பது இரண்டாயிரத்துக்குள். கொடுத்தது அதைப்போல் பல மடங்கு. புதிய, பணக்கார வாடிக்கையாளர்களைப் பிடிக்கப் போட்ட தூண்டில் அது. மீன் பிடிபட்டதும் புழுவை நிறுத்திவிட்டார்கள்.

வங்கி விகிதத்தைத்தான் குறைக்கும். விமான நிறுவனமோ ஆளே இல்லாமல் போகலாம். கிங்ஃபிஷர் 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேரப் போகிறோம் என்று மார்தட்டிக் கொண்டிருந்தது. சேர்க்கை தள்ளிப்போனது. அந்த அக்டோபரிலேயே விமானங்கள் நின்றன, கிங் கிளப் மைல்கள் காற்றில் கரைந்தன. ஜெட் ஏர்வேஸ் கதை வேறு மாதிரி. அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, பாதிக்குச் சற்று மேலான பங்கை எத்திஹாத் வாங்கியிருந்தது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் பறப்பதை நிறுத்தியது. ஆனால் மைல்கள் சாகவில்லை. இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வேறு விமானங்களின் டிக்கெட்டுக்கும் மிக்ஸி, குக்கருக்கும் மாற்றிக்கொள்ளும் புள்ளியாக உயிர் பிழைத்தன. விமானமே இல்லாத விமான மைல்! விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவில் இணைந்தபோது அதன் உறுப்பினர்களுக்குத்தான் அதிர்ஷ்டம், ஒன்றுக்கு ஒன்றாக மகாராஜா கிளப் புள்ளிகள் கிடைத்தன.

இப்படி மாற்றுவதையும் ஒழிப்பதையும் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாமா? அமெரிக்காவில் போனார்கள். நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் ஒரு யூதக் குருவை ‘அடிக்கடி புகார் கொடுக்கிறார்’ என்று சொல்லித் திட்டத்திலிருந்து நீக்கி, அவர் சேர்த்த மைல்களையும் எடுத்துக்கொண்டது. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2014 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டக் கோட்பாட்டை இங்கே இழுக்க முடியாது, 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது என்றார்கள். கட்டுப்பாட்டை எடுக்க வந்த சட்டம் கடைசியில் விமான நிறுவனத்துக்கே கேடயமானது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் புள்ளித் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. உறுப்பினர் ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு மைல் யாருடையது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மைல் உறுப்பினருடைய சொத்து அல்ல என்று அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் அச்சிட்டே இருக்கும்.

அச்சடிப்பவரை ஏமாற்றிய ஆட்களும் உண்டு. 1999-இல் கலிபோர்னியாவில் ஒரு சிவில் பொறியாளர், உணவுப் பொட்டல உறைக்கு மைல் தருவதாக வந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான புட்டிங் டப்பாக்களைக் கடை கடையாக 12,000-க்கு மேல் வாங்கிக் குவித்தார். செலவு சுமார் 3,000 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல். புட்டிங்கைத் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுத்து, உறை கிழிக்கும் வேலையை அவர்களிடமே விட்டு, அந்த நன்கொடைக்கு வரிவிலக்கும் வாங்கினார். அமெரிக்க அரசின் நாணயச் சாலை ஒரு டாலர் காசுகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, முகமதிப்புக்கே, அஞ்சல் செலவும் இல்லாமல், வீட்டுக்கு அனுப்பியது. புள்ளிப் பித்தர்கள் கடன் அட்டையில் மூட்டை மூட்டையாக வரவழைத்து, வந்த டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே வங்கியில் கட்டினார்கள். அதே காசில் அட்டைப் பாக்கியும் தீர்ந்தது, மைலும் சேர்ந்தது. நாணயச் சாலை விழித்துக்கொண்டு 2011 ஜூலையில் கடன் அட்டையை நிறுத்தியது. நம் ஊரில் அந்த நாணயத்துக்குச் சமமானது வாடகை. செயலி வழியாக வீட்டுக்காரருக்கு வாடகை கட்டுவதாகச் சொல்லி மனைவி கணக்குக்கே பணம் அனுப்பிப் புள்ளி சேர்த்தவர்கள் ஏராளம். வங்கிகள் முதலில் ஒரு சதவீதக் கட்டணம் வைத்தன, அப்புறம் வாடகைக்குப் புள்ளி இல்லை என்றன. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளுக்குப் பின் பல செயலிகள் அந்த வசதியையே மூடிவிட்டன.

சரி, கையில் நேர்மையாகச் சேர்ந்த புள்ளி இருக்கிறது. அதற்கு என்ன மதிப்பு? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

புள்ளியைச் செலவழிக்க இரண்டு வாசல். வங்கியின் பயணத் தளத்திலேயே புள்ளியைக் காசாகப் பாவித்து டிக்கெட் எடுக்கலாம். இன்ஃபினியாவில் ஒரு புள்ளி ஒரு ரூபாய், ஆனால் டிக்கெட் விலையில் 70 சதவீதம்வரைதான். மிச்சம் ரொக்கம். மதுரைக்கோ டெல்லிக்கோ போவதென்றால் இந்த வாசலே போதும், யோசிக்க வேண்டாம். இரண்டாவது வாசல், புள்ளியை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றுவது. இதில் லாபமும் பெரியது, ஆபத்தும் பெரியது. மாற்றிய மைல் வங்கிக்குத் திரும்பி வராது.

கற்பனையாக ஒரு கணக்கு. ரொக்கத்தில் 24,000 ரூபாய் ஆகும் டிக்கெட்டுக்கு 15,000 மைலும் வரியாக 6,000 ரூபாயும் கேட்கிறார்கள். மிச்சமானது 18,000. மைலுக்கு 1 ரூபாய் 20 காசு. அதே ஊருக்குப் பிசினஸ் கிளாஸ் 1,20,000 ரூபாய். அதற்கு 40,000 மைலும் 9,000 ரூபாயும். மைலுக்கு 2 ரூபாய் 77 காசு! இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பு என்று புள்ளிக்காரர்கள் இங்கேதான் துள்ளுவார்கள். அந்தத் துள்ளலில் ஒரு பொய் இருக்கிறது. புள்ளி இல்லாவிட்டால் அந்த இருக்கைக்கு நான் லட்சத்து இருபதாயிரம் கொடுத்திருப்பேனா? மாட்டேன். கால் நீட்டிப் படுக்கும் சுகத்துக்கு என் பையிலிருந்து மிஞ்சிப்போனால் 35,000 கொடுப்பேன். அப்படியானால் எனக்கு மிச்சம் 26,000-தான், மைலுக்கு 65 காசு. பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் 1 ரூபாய் 20 காசு கிடைத்திருக்கும். ஆடித் தள்ளுபடியில் எட்டாயிரம் ரூபாய்ப் புடவையை நாலாயிரத்துக்கு வாங்கி ‘நாலாயிரம் லாபம்’ என்று வீட்டுக்கு வருவதும் இதுவும் ஒரே கணக்கு. புடவை வேண்டியிருந்ததா என்பது தனிக் கேள்வி. முட்டிவலிக்காரரோ, வயதான பெற்றோரைப் பதினாறு மணி நேரப் பயணத்துக்கு அழைத்துப் போகிறவரோ என்றால் கணக்கு தலைகீழாகும். அவர்கள் ரொக்கத்திலும் கொடுத்திருப்பார்கள்.

அப்கிரேடு என்று தனியாக ஒரு மயக்கம் இருக்கிறது. எகானமி டிக்கெட் எடுத்துவிட்டு, மைலைக் கொடுத்து முன்னால் போய் உட்காரலாம் என்பது கேட்க எளிது. ஆனால் இருப்பதிலேயே மலிவான எகானமிக் கட்டணங்களுக்குப் பெரும்பாலும் அந்த உரிமை கிடையாது. சில ஆயிரம் கூடுதலான கட்டண வகையில் வாங்க வேண்டும். ஏறுவதும் பெரும்பாலும் ஒரு படிதான், எகானமியிலிருந்து பிரீமியம் எகானமிக்கு. அந்த வகுப்பு இல்லாத விமானத்தில்தான் நேரே பிசினஸுக்கு. அதுவும் இருக்கை இருந்தால். இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியல். லண்டனிலிருந்து திரும்பும் பயணத்தில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. பிரிட்டன் தன் நாட்டிலிருந்து புறப்படும் விமானப் பயணிக்கு விதிக்கும் வரி வகுப்பைப் பொறுத்து ஏறும். 2025 ஏப்ரலில் அது இந்தியத் தொலைவுக்கு எகானமியில் 90 பவுண்டு, அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் 216 பவுண்டு என்று இருந்தது. மைலைக் கொடுத்து மேலே ஏறியவர் அந்த வித்தியாசத்தைப் பணமாகக் கட்ட வேண்டும். முழு டிக்கெட்டையும் மைலில் எடுப்பதோடு ஒப்பிட்டால், கட்டணம் ஒரு பக்கம், மைல் ஒரு பக்கம் என்று இரண்டு பைகளும் காலியாகும் அப்கிரேடு பல நேரம் தோற்கும். கம்பெனி செலவில் நல்ல எகானமி டிக்கெட்டில் பறக்கிறவருக்கு மட்டும் அது அமிர்தம். மீண்டும் அந்த ஓசி முத்திரைதான்.

வரி என்ற பெயரில் வருவதெல்லாம் வரியும் அல்ல. மாமாவின் பதினோராயிரம் நிஜமாகவே விமான நிலையங்களுக்கும் அரசுகளுக்கும் போனது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளுக்கு எரிபொருள் உபரிக்கட்டணம் வாங்குவதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவை வாங்கும், அதுவும் நெடுந்தூரத்தில் டிக்கெட் விலையோடு போட்டி போடும் அளவுக்கு. ஏர் கனடாவின் ஏரோபிளான் 2020 நவம்பரில் அந்த உபரியை ஒழித்தது, கூட்டணி விமானங்களுக்கும் சேர்த்து. அதனால் ஒரு விமானத்தில் பறக்க, அந்த நிறுவனத்தின் மைல்தான் வேண்டும் என்றில்லை. ஏர் இந்தியா இருக்கையைக் கனடாக்காரரின் புள்ளியில் எடுக்கலாம், 2014 முதல் இரண்டும் ஒரே கூட்டணியில் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது கொழும்பு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 400 மைல்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியாஸ் புள்ளி, கூட்டணி விமானங்களில் தூரத்தை வைத்து விலை போடுகிறது. 650 மைல்வரை மிகக் குறைந்த படி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பிரிட்டிஷ் ஏர்வேஸின் கூட்டணியில் இருக்கிறது. லண்டன் கம்பெனியின் புள்ளியை வைத்துக் கொழும்புக்குப் போய் ஆப்பம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இத்தனைக்கும் மேலே இருக்கை கிடைக்க வேண்டும். மைல்காரருக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் மிகச் சில. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டும் பயண நாளுக்கு 355 நாள் முன்னதாக இருக்கைகளைத் திறக்கின்றன. அப்போது பிடித்தால் உண்டு. அல்லது விற்காமல் மிஞ்சியது கடைசி இரண்டு வாரத்தில் எட்டிப் பார்க்கும். நடுவில் பாலைவனம். மே மாத விடுமுறைக்கு ஜனவரியில் தேடுபவர் பெருமூச்சோடு ரொக்கத்துக்குப் போவார். நான் ஒரு முறை இரண்டு பிசினஸ் கிளாஸ் இருக்கைகளைத் திரையில் பார்த்ததும் பரபரத்துப் புள்ளிகளை மாற்றினேன். ஒரு வங்கியிலிருந்து மைல் போய்ச் சேர நான்கு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இருக்கைகள் போய்விட்டன. திரும்பி வராத மைல்களோடு எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரின் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு, நடுவில் பறந்தாலும் நீளாது.

மாமாவின் டிக்கெட் அந்த மைல்களில் எடுத்ததுதான். வங்கியிலிருந்து குறிப்பிட்ட மடங்குகளில்தான் மாற்ற முடியும் என்பதால், அவருக்கும் அத்தைக்கும் போகவர எடுத்த பிறகும் என் கணக்கில் 1,140 மைல் மிஞ்சியது. அதை வைத்து எந்த ஊருக்கும் போக முடியாது. விமான நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. விற்ற மைலில் கொஞ்சம் எப்படியும் யாரும் கேட்காமல் காலாவதியாகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதை வருமானத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

மாமா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்ததும் அவரிடம் இதைச் சொன்னேன். பேரேடு எழுதிய மனிதர், சிரித்துவிட்டார். “அப்போ நம்ம டிக்கெட்டுக்கு எவனோ விட்டுட்டுப் போன சில்லறையும் சேர்ந்திருக்கு. உன் சில்லறை எவன் டிக்கெட்டுக்கோ போகும்.” மூன்றாண்டு எப்போது முடிகிறது என்று தேதி கேட்டு, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்தார்.